தண்ணீர் கேட்ட கார்!

1888, ஆகஸ்ட் மாதம். ஜெர்மனியின் மான்ஹைம் நகரம். கணவர் கார்ல் பென்ஸிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு, அவர் கண்டுபிடித்த மூன்று சக்கர மோட்டார் வண்டியைக் கிளப்பி, அம்மா வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார் பெர்த்தா பென்ஸ். ஃபோர்ஸ்ஹைம் வரை சுமார் நூறு கிலோமீட்டர். உலகின் முதல் நீண்ட கார் பயணம்!

வழியில் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கியது, குழாய் அடைப்பைத் தொப்பி ஊசியால் குத்தி எடுத்தது எல்லாம் நீங்கள் படித்திருப்பீர்கள். அதிகம் பேசப்படாத தலைவலி, தண்ணீர்! அந்த வண்டியில் ரேடியேட்டரும் கிடையாது, பம்ப்பும் கிடையாது. இன்ஜினைச் சுற்றியுள்ள தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போகும். அதுதான் 'கூலிங்'. அடுப்பில் வைத்த உலை மாதிரி! பாவம் பெர்த்தா, வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார்.

இதற்கு விடிவு தந்தவர் வில்ஹெல்ம் மேபாக். 1900-ல் அவர் வடிவமைத்த மெர்சிடிஸ் காரின் முகப்பில் தேன்கூடு போல ஒரு ரேடியேட்டர். அதில் 8,070 குட்டிக் குழாய்கள்! 18 லிட்டர் தண்ணீர் தேவைப்பட்ட இடத்தில் 9 லிட்டர் போதும் என்றானது.

ஹென்றி ஃபோர்டு வேறு ரகம். 1908-ல் வந்த அவருடைய 'மாடல் டி'யில் முதல் இரண்டாயிரத்துச் சொச்சம் கார்களுக்கு மட்டும் பம்ப் இருந்தது. பிறகு, 'எதுக்கு வெட்டிச் செலவு?' என்று எடுத்துவிட்டார்! சூடான தண்ணீர் மேலே போகும், குளிர்ந்தது கீழே இறங்கும்; அந்த இயற்கை விதியே போதும் என்று ஒன்றரைக் கோடி கார்களை விற்றார். மேட்டில் ஏறினால் கொதிக்கும். உடனே, தனியாக பம்ப் செய்து விற்றுக் காசு பார்த்தார்கள் மற்றவர்கள்!

அப்புறம் இன்ஜினே பெல்ட் போட்டுச் சுற்றும் பம்ப் எங்கும் வந்துவிட்டது. ஆனால், அதற்குச் சொந்த புத்தி கிடையாது. இன்ஜின் வேகம்தான் அதன் வேகம். டிராஃபிக்கில் காற்றே படாமல் வண்டி தகிக்கும்போது பம்ப் மெதுவாகச் சுற்றும். நெடுஞ்சாலையில் தேவைக்கு மேல் சுற்றிச் சக்தியை வீணடிக்கும். சாவியைத் திருப்பி அணைத்தால், உள்ளே சூடு அப்படியே இருக்க, பம்ப் மட்டும் நின்றுபோகும்.

2004-ல் பி.எம்.டபிள்யூ தன் ஆறு சிலிண்டர் இன்ஜினில் மின்சார பம்ப்பைப் பொருத்தியது. சுமார் 200 வாட், அவ்வளவுதான். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது சும்மா இருக்கும். சூடேறினால் தேவையான அளவு மட்டும் சுற்றும். 2009-ல் வந்த டொயோட்டா ப்ரியஸில் இப்படிப்பட்ட பெல்ட்டே கிடையாது. இன்ஜினே அடிக்கடி அணைந்து அணைந்து ஓடும் வண்டிக்கு வேறு வழி?

சரி, குறையே இல்லையா? இருக்கிறது சார்! பெல்ட் பம்ப் சாகும் முன் சொட்டும், கீச்சிடும். ஒரு நல்ல மெக்கானிக் காதாலேயே கண்டுபிடிப்பார். மின்சார பம்ப் பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கைப் பார்த்தும் 'வீடு வரைக்கும் போயிடலாம்' என்று ஓட்டினால், சிலிண்டர் ஹெட் வளைந்து பர்ஸ் காலி! விலையும் அதிகம். அதற்கான மின்சாரமும் கடைசியில் இன்ஜின் சுற்றும் ஆல்டர்னேட்டரிலிருந்துதான் வரவேண்டும். அதில் கொஞ்சம் நஷ்டம். என்னைக் கேட்டால், கம்பெனியே பொருத்தித் தந்தால் நல்லது. நன்றாக ஓடும் பழைய காரில் போய் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

நண்பர் ஒருவர் புது காரை வாங்கிய வாரம், அணைத்த பிறகும் உள்ளே 'ம்ம்ம்...' என்று முனகுவதைக் கேட்டு மெக்கானிக்கிடம் ஓடினார். அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "வெயில்ல ஓட்டிட்டு வந்திருக்கீங்க சார், சூடு தணியட்டும். அதுவா நின்னுடும்!"