தோல் நமக்கு, நரம்பு அவர்களுக்கு

தலித் இசை என்று பேச்செடுத்தால் உடனே பறை வந்துவிடுகிறது. வரவேண்டியதுதான். சாவுக்கும் சாமிக்கும் ஊர்ச்சாட்டுக்கும் நம்மைக் கட்டாயப்படுத்தி அடிக்க வைத்த கருவியை, இனி அடிக்கமாட்டோம் என்று ஒரு தலைமுறை கீழே போட்டது. இன்னொரு தலைமுறை அதையே எடுத்து மேடையேற்றியது. இங்கே திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு தலித் பெண்களின் கையில் பறையைக் கொடுத்தபோது, ஆண்கள் மட்டுமே அடிக்கலாம் என்ற வழக்கமும் சேர்ந்தே உடைந்தது. இந்த விவாதம் எல்லாம் நமக்குத் தெரியும்.

எனக்குள்ள கேள்வி வேறு. தோல் கருவி நம்மிடம் இருக்கிறது. நரம்புக் கருவி எங்கே போச்சு? நம்ம சேரியில் ஒரு வீணை உண்டா? வயலின் உண்டா? இல்லையென்றால், எப்போதுமே இல்லையா, இல்லை நடுவில் யாராவது எடுத்துக்கொண்டு போனார்களா?

தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு இதற்கான விடை பாடத்திலேயே இருக்கிறது. ஆனால் அதை விடையாக யாரும் சொல்லித் தருவதில்லை. சங்க காலத்து நரம்புக் கருவி யாழ். யாழைச் செய்தவரும் மீட்டியவரும் பாணர். சீறியாழ், பேரியாழ் என்று இரண்டு வகை. பொருநராற்றுப்படையைப் பிரித்துப் பாருங்கள். பத்தர் என்கிற குடம், அதன்மேல் போர்த்தித் தைத்த தோல், தைத்த துளையை மூடும் ஆணி, வளைந்த கோடு, நரம்பை இறுக்கிக் கட்டும் திவவு என்று உறுப்பு உறுப்பாக வருகிறது. புலவர் யாழைப் புகழ்கிறார் என்று வகுப்பில் சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அது ஒரு கைவினைஞனின் வேலைக் குறிப்பாகத்தான் தெரிகிறது. தோலைப் பதமாக்கத் தெரிந்தவன், குடலை முறுக்கி நரம்பாக்கத் தெரிந்தவன், மரம் குடையத் தெரிந்தவன் ஒருவனுடைய வேலை அது. நரம்பு என்ற சொல்லே சாட்சி. கம்பி பின்னால் வந்தது. முதலில் இருந்தது விலங்கின் நரம்புதான்.

புறநானூற்றின் 335ஆம் பாட்டு நான்கு குடிகளைச் சொல்கிறது. அதில் பாணரும் பறையரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அன்றைக்கு யாழும் பறையும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக் கருவிகள். பின்னால் ஒன்று மேலே போனது, ஒன்று கீழே போனது. கருவியைச் செய்தவர்கள் இரண்டு பேருமே கீழேதான் போனார்கள்.

எப்படி என்று பெரிய புராணமே காட்டிக்கொடுக்கிறது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். மனைவி மதங்கசூளாமணியாரோடு சம்பந்தர் பின்னாலேயே ஊர் ஊராகப் போய், அவர் பாடப் பாட யாழ் மீட்டியவர். மதுரைக் கோயிலில் அவர் வாசலில் நின்றுதான் பாடுகிறார். இறைவன் அடியார்கள் கனவில் வந்து சொன்ன பிறகே உள்ளே அழைக்கிறார்கள். ஈரத்தில் யாழ் கெடக்கூடாது என்று பொற்பலகை கிடைக்கிறது. திருவாரூரில் அவர் நுழைய வடக்கில் தனி வாசல் உண்டாகிறது. பக்தர்கள் இதை அருள் என்று படிக்கிறார்கள். நான் வாசலைப் பார்க்கிறேன். எல்லோரும் போகும் வாசல் வழியாக அவரைக் கூட்டிப்போக ஆண்டவனாலும் முடியவில்லை என்றுதானே அர்த்தம்?

தருமபுரத்தில் நடந்ததாகச் சொல்லும் கதை இன்னும் கொடுமை. சம்பந்தர் பாட்டுக்கு யாழ்தான் பெருமை சேர்க்கிறது என்று பாணருடைய சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்களாம். பாணர் பதறிப்போய், யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடுங்கள் என்று தானே கேட்கிறார். சம்பந்தர் பாடுகிறார். யாழில் அது வரவில்லை. பாணர் யாழை உடைக்க ஓங்குகிறார். சம்பந்தர் தடுக்கிறார். பதிகத்துக்கு யாழ்முரி என்று பேர். கருவிக்காரன் தன் கருவி தோற்றதைத் தானே ஒத்துக்கொள்ள வேண்டும், அதுவும் கையை ஓங்கி ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு சாதியின் தொழில் பெருமையை இதைவிடப் பக்குவமாக அடக்க முடியுமா?

திருப்பாணாழ்வார் கதையும் இதே வழிதான். காவிரிக் கரையில் நின்றவர் மேல் கல் விழுகிறது. பிறகு கல் எறிந்த லோகசாரங்கரே அவரைத் தோளில் சுமக்கிறார். தோளில் ஏற்றினார்கள், சரி. காலால் நடந்து உள்ளே வர விடவில்லை என்பதும் அதே கதைக்குள்தான் இருக்கிறது.

இன்னொரு தகவல் ரொம்ப முக்கியம். சோழர் காலத்தில் தேவாரத்தைத் தேடித் தொகுத்தபோது பண் தெரிந்தவர் யாரும் இல்லை. எருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்தான் பண் வகுத்துக் கொடுத்தாள் என்று திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. அந்தப் பெண்ணுக்கு அதில் பெயர் இல்லை. தேவார இசைக்கே உயிர் கொடுத்தவள் 'மரபில் வந்தவள்' என்ற அடையாளத்தோடு நின்றுவிட்டாள்.

யாழ் பிறகு வழக்கொழிந்தது. விபுலாநந்த அடிகள் 1947இல் 'யாழ் நூல்' எழுதும்போது அதைக் கணக்குப் போட்டு மீட்டெடுக்க வேண்டியிருந்தது. வீணை வந்து உட்கார்ந்தது. தஞ்சாவூர் வீணையைக் கவனியுங்கள். குடம் பலா மரம், மேற்பலகை மரம், தந்தி உலோகம். தோலும் குடலும் போய்விட்டன. இதற்கு ஒலி சார்ந்த காரணங்கள் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் தோலைத் தொட்டவன் தீட்டு என்று ஆன ஒரு சமூகத்தில், தோல் இல்லாத நரம்புக் கருவிதான் பூசை அறைக்குள் போனது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தேவதாசி மரபில் வந்த வீணை தனம்மாள் போன்றவர்கள் கையிலும் வீணை இருந்தது. 1928இல் சென்னையில் மியூசிக் அகாடமி வந்த பிறகு அந்தக் கைகளும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டன.

இனி மலைக்கு வருகிறேன்.

தாண்டிக்குடி கீழ்ப்பழனி மலையில் இருக்கிறது. முருகன் இங்கிருந்து பழனிக்குத் தாண்டிக் குதித்தான், அதனால் இந்தப் பேர் என்பார்கள். மலையில் கற்திட்டைகள் கிடக்கின்றன. பேராசிரியர் கா. ராஜன் இங்கே அகழாய்வு செய்திருக்கிறார். இப்போது காப்பி, மிளகு, ஏலம், வாழை. காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும் உண்டு. கற்திட்டைக்கும் காப்பிக்கும் நடுவில் ஒரு வரலாறு இருக்கிறது. 1906இல் டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய மதுரை மாவட்ட கெசட்டியர் இந்த மலையின் பளியரையும் புலையரையும் பற்றிப் பேசுகிறது. நிலம் வைத்திருந்த சாதிகளிடம் புலையர் அடிமைப்பட்டுக் கிடந்தவர்கள். அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று 1843இல் ஆங்கிலேய அரசு சொன்னது. சட்டம் மலை ஏற நாளாகும். பிறகு எஸ்டேட்டுகள் வந்தன. சமவெளியிலிருந்து நம்ம சனங்களும் கூலிக்கு ஏறினார்கள். லைன் வீடுகள் வந்தன.

அந்த லைன் வீடு ஒன்றில்தான் சுருட்டுப்பெட்டி பிடிலைப் பார்த்தேன். கூலி உயர்வு சம்பந்தமாகக் கையெழுத்து வாங்கப் போனபோது, எண்பதைத் தொட்ட ஒரு பெரியவர் எடுத்துக் காட்டினார். ஒரு சாண் நீளத்துக்கு மேலான மரப்பெட்டி. சுருட்டு வந்த பெட்டி. மலைக்குக் கீழே இருக்கும் திண்டுக்கல் புகையிலைக்கும் சுருட்டுக்கும் பேர்போன ஊர். ஸ்பென்சர் கம்பெனியின் சுருட்டுத் தொழிற்சாலை அங்கே இருந்தது. சீமைக்குப் போன 'திருச்சிராப்பள்ளி சுருட்டு'க்கே புகையிலை திண்டுக்கல் பக்கம் விளைந்ததுதான். துரைமார் சுருட்டைக் குடித்தார்கள். காலிப் பெட்டி லைனுக்கு வந்தது.

"தேங்கா தொட்டியிலதான தாத்தா எல்லாரும் செய்வாங்க?" என்று கேட்டேன். திருவிழாக் கடையில் விற்கும் கொட்டாங்கச்சி வயலின் என் மனசில் இருந்தது.

"மலையில தேங்கா ஏது தம்பி? கெடச்சத வச்சுத்தான் செய்யணும். எங்கப்பன் செஞ்சது இது. கம்பி மட்டும் நான் மாத்துனேன்."

செய்முறையை அவர் சொன்னபடியே தருகிறேன். பெட்டியின் ரெண்டு பக்கமும் துளை போட்டு ஒரு மூங்கில் கழியைக் குறுக்கே செருகுவது. மூடியை ஆணியடித்து மூடி, மேலே ஒரு ஓட்டை. முடுக்காணி கொய்யாக் கட்டையில். குதிரை, அதாவது கம்பியைத் தாங்குகிற சின்னக் கட்டை, மூங்கில் சிராயில். இடுக்குகளில் தேன்மெழுகு, அது பளியர் கொடுப்பது. கம்பி ரெண்டு, முதலில் நார், பிறகு பிரேக் வயரைப் பிரித்தெடுத்த இழை. வில்லுக்கு வளைத்த மூங்கிலும் கற்றாழை நாரும், நாரில் தேய்க்கக் குங்கிலியம்.

"யாருக்கு வாசிப்பீங்க?"

"யாருக்கா? மழக்காலத்துல வேல இருக்காது. உக்காந்து வாசிப்போம். கணக்கப்புள்ள ஒருநா கேட்டுட்டு, ஒங்களுக்கெல்லாம் எதுக்குடா பிடிலுன்னான். அதுக்கப்பறம் கதவ அடச்சுக்கிட்டு வாசிச்சோம்."

இந்தப் பதிலில்தான் விஷயம் இருக்கிறது. பறையை யாரோ சொல்லி அடித்தோம். அதற்கு நெல் அளந்தார்கள், மறுத்தால் உதைத்தார்கள். இந்தப் பெட்டியை யாரும் செய்யச் சொல்லவில்லை. கூலியும் இல்லை, கடமையும் இல்லை. லைன் வீட்டில் யாருக்கும் கட்டுப்படாமல் இருந்த ஒரே சத்தம் இது. அதனால்தான் கணக்கப்பிள்ளைக்குக் காது வலித்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் இதே கதை நடந்திருக்கிறது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1739இல் ஸ்டோனோ ஆற்றங்கரையில் கறுப்பின அடிமைகள் முரசடித்துக் கிளர்ந்தார்கள். அடுத்த வருசமே, 1740இல், அடிமைகள் முரசும் கொம்பும் வைத்திருக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. முரசைப் பிடுங்கினார்கள். சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தி நரம்பு கட்டும் அறிவை ஆப்பிரிக்காவிலிருந்து தலைக்குள் வைத்துக்கொண்டு வந்தவர்களிடம் அதை எப்படிப் பிடுங்குவது? அதுதான் பாஞ்சோ ஆனது. 1860களில் வரிச் சட்டத்தால் சுருட்டுகளைப் பெட்டியில் அடைத்து விற்பது கட்டாயமானது. காலிப் பெட்டிகள் குவிந்தன. ஏழைகள், கறுப்பர்களும் வெள்ளையரும், அதில் கழி செருகிக் கம்பி கட்டினார்கள். பிளைண்ட் வில்லி ஜான்சன், லைட்னின் ஹாப்கின்ஸ் மாதிரி பெரிய புளூஸ் கலைஞர்களுக்குச் சிறு வயதில் கிடைத்த முதல் கிதார் சுருட்டுப்பெட்டிதான். திண்டுக்கல் பெட்டிக்கும் டெக்சாஸ் பெட்டிக்கும் ஒரு தபால் போக்குவரத்தும் கிடையாது. ஆனால் கை ஒரே வேலையைச் செய்திருக்கிறது.

பக்கத்து மாநிலங்களில் நரம்பு நம்மவர்களிடம் இன்னும் இருக்கிறது. கேரளத்தில் பட்டியல் சாதியினரான புள்ளுவர் புள்ளுவ வீணையையும் புள்ளுவக் குடத்தையும் தாங்களே செய்து நாகப் பாட்டு பாடுகிறார்கள். குடம் என்பது மண்பானைதான். அடியில் தோல் கட்டி, அதிலிருந்து ஒரு நரம்பை இழுத்து மீட்டுவது. தெலங்கானாவில் மாதிகரைச் சார்ந்து வாழ்ந்த தக்கலி மக்களின் கருவி கின்னரா. மூங்கிலும் சுரைக்குடுக்கையும் தேன்மெழுகும் சேர்ந்தது. 12 மெட்டுக் கின்னரா வாசிக்கும் தர்சனம் மொகுலய்யாவுக்கு 2022இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதே மனிதர் கட்டட வேலையில் கூலியாக நிற்பதாக 2024இல் செய்தி வந்தது. பதக்கம் கலைக்கு, மண்சட்டி கலைஞனுக்கு.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? மிருதங்கத்துக்கு மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் எருமைத்தோலும் வேண்டும். அதை அறுத்துப் பதமாக்கி மூட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் பர்லாந்து என்ற கைவினைஞர் இருந்தார். இந்த மனிதர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. வாசிப்பவர் வித்வான், செய்பவர் வேலைக்காரர். பாணர் காலத்தில் இரண்டும் ஒரே ஆளாக இருந்தது. அந்த ஆளை ரெண்டாக வெட்டியதுதான் நம் இசை வரலாறு என்று நான் சொல்லுவேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். குப்பையில் கிடந்த பெட்டியில் இசை செய்தார்கள், ஆகா என்று உருகுகிற கூட்டம் ஒன்று கிளம்பும். வறுமைக்கு ரசிகர்கள் நமக்கு வேண்டாம். நல்ல மரமும் நல்ல கம்பியும் கிடைத்திருந்தால் அந்தப் பெரியவரின் அப்பா நல்ல பிடிலே செய்திருப்பார். கிடைக்காமல் செய்தது யார் என்பதுதான் கேள்வி. பெட்டியை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைத்துவிட்டு, லைன் வீட்டுக் கூரையை ஒழுகவிடுவது மரியாதை ஆகாது.

ஆனாலும் அந்த அறிவு சாகக்கூடாது. நம்ம பிள்ளைகளுக்குப் பறைப் பயிற்சி கொடுக்கும் முகாம்களில் ஒருநாளை நரம்புக்கு ஒதுக்குங்கள். வயசானவர்களைக் கூட்டி வந்து உட்கார வையுங்கள். அவர்களுக்குப் பயிற்சியாளர் சம்பளம் கொடுங்கள். கழி எப்படிச் செருகுவது, குதிரையை எங்கே நிறுத்துவது, மெழுகு எவ்வளவு என்று எழுதி வையுங்கள், பேர் போட்டு எழுதி வையுங்கள். எருக்கத்தம்புலியூர்ப் பெண்ணுக்கு நேர்ந்தது இன்னொரு முறை நேரக்கூடாது.