ஒரு கொம்பு, இரட்டைக் கொம்பு

"அண்ணே, நானூறு வருஷத்துச் சுவடி ஒண்ணு சிக்கியிருக்கு. உடனே வாங்க!"

போனில் அழைத்த நண்பர் பழம்பொருள் பைத்தியம். காசு, தபால் தலை, கிராமபோன் தட்டு என்று வீட்டில் நடக்க இடமில்லாமல் சேர்த்து வைத்திருப்பவர். போனேன். மேஜை மேல் சிவப்புத் துணி விரித்து இரண்டு ஓலைச்சுவடிக் கட்டுகளை வைத்திருந்தார். ஒன்று பளபளவென்று இருந்தது. எண்ணெய் பூசி, மேலும் கீழும் புதுச் சட்டம் கட்டி, ஓரமெல்லாம் ஒரே அளவில் நறுக்கி... கல்யாண மாப்பிள்ளை மாதிரி. இன்னொன்று? ஓரம் உதிர்ந்து, பூச்சி அரித்து, அவிழ்த்தால் ஒடியுமோ என்று பயமுறுத்தியது.

"இது சும்மா கொசுறுண்ணே. தூக்கிப் போடலாம்னு இருக்கேன். அந்தப் பளபளாதான் அசல் சரக்கு. ஏலாக்குறிச்சிப் பக்கம் ஒரு வீட்டுப் பரண்ல கிடைச்சதாம். வீரமாமுனிவருக்கும் நூறு வருஷம் முந்தினதாம்!"

வியாபாரி எந்த ஊரை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஏலாக்குறிச்சியையும் வீரமாமுனிவரையும் சேர்த்து இழுத்தார் பாருங்கள்... அங்கேதான் மாட்டிக்கொண்டார்!

கொள்ளிடத்துக்கு வடக்கே, திருமானூர் பக்கம் இருக்கிற ஊர் ஏலாக்குறிச்சி. இன்று அரியலூர் மாவட்டம். 1680ல் இத்தாலியில் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, சேசு சபைப் பாதிரியாராக 1710ல் கோவாவில் வந்து இறங்கி, பிறகு தமிழ்நாட்டுக்கு வந்தார். ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னைக்குக் கோயில் எழுப்பி, ஊருக்குத் 'திருக்காவலூர்' என்று பெயரும் சூட்டினார். அரியலூர் ஜமீன்தாருக்கு வந்த ராஜபிளவையை அவர் குணப்படுத்தியதாகவும், அதற்கு நன்றியாக நிலம் கிடைத்ததாகவும் அங்கே ஒரு கதை உண்டு. 1726ல் 'தேம்பாவணி', 1732ல் 'சதுரகராதி' என்று அவர் எழுதிக் குவித்ததைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள்.

அவருக்கு இன்னொரு பெயரும் உண்டு. 'சுவடி தேடும் சாமியார்'. ஊர் ஊராகப் போய் ஏடு தேடியதால் வந்த பெயர். அப்படித் தேடிச் சேர்த்த ஏடுகளைப் பிரித்தால் அவருக்குக் காத்திருந்தது பெரிய தலைவலி.

ஓலையில் எழுதுவது மையால் அல்ல, எழுத்தாணியால். அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை பொத்துக்கொள்ளும். அதனால் ஏடெழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியே வைப்பதில்லை. 'க்' என்பதும் 'க' என்பதும் பார்வைக்கு ஒன்றுதான். அதை விடப் பெரிய குழப்பம் எகர ஒகரத்தில். பழைய இலக்கணப்படி புள்ளி வைத்தால் எ குறில், வைக்காவிட்டால் நெடில். புள்ளியே இல்லாத ஏட்டில் குறில் ஏது, நெடில் ஏது? 'எரி' என்று இருந்தால் அது எரியா, ஏரியா? 'கொடு' என்றால் கொடுப்பதா, கோடா? வைத்தியச் சுவடியில் 'நொய' என்று முடித்திருப்பார்கள். அது கஞ்சி காய்ச்சும் நொய்யா, உடம்புக்கு வந்த நோயா? முன்பின் வரியைப் பார்த்து நாமே ஊகிக்க வேண்டியதுதான்! போதாக்குறைக்குத் துணைக்காலும் ரகரமும் வேறு ஒரே மாதிரி இருக்கும்.

இந்தக் குழப்பத்துக்கு வீரமாமுனிவர் கண்டுபிடித்த மருந்து ரொம்ப எளிமையானது. எகரத்துக்கு ஒரு கால் இழுத்து 'ஏ' ஆக்கினார். ஒகரத்துக்கு ஒரு சுழி போட்டு 'ஓ' ஆக்கினார். கொம்பை மேலே சுழித்து இரட்டைக் கொம்பாக்கி, கெ வேறு, கே வேறு என்று பிரித்தார். பிற்காலத்தில் அச்சு இயந்திரம் அதைப் பிடித்துக்கொண்டது. இன்று நீங்கள் எழுதுவது அந்த முறைதான். அவ்வளவு ஏன்... ஏலாக்குறிச்சி என்ற பெயரின் முதல் எழுத்தே அவர் போட்ட கால்தானே!

நண்பரின் பளபளா கட்டை வாங்கி நான்கு ஏடு புரட்டினேன். இரண்டாவது ஏட்டிலேயே 'தேன்', 'வேர்', 'மேல்'... எல்லாம் அழகான இரட்டைக் கொம்போடு இருந்தன. வீரமாமுனிவருக்கு நூறு வருஷம் முந்திய ஆசாமிக்கு வீரமாமுனிவர் கொம்பு எப்படிக் கிடைத்தது? நண்பர் முகம் சுண்டிவிட்டது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். இந்தச் சோதனை ஒரு பக்கம்தான் வெட்டும். இரட்டைக் கொம்பு இருந்தால் ஏடு அவருக்கு முந்தியது இல்லை என்று அடித்துச் சொல்லலாம். இல்லை என்பதற்காக அவருக்கு முந்தியது என்று குதிக்கக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் பழைய பழக்கத்தை விடாமல் எழுதியவர்கள் நிறையப் பேர். அதற்கு வேறு சாட்சிகள் வேண்டும்.

அந்தச் சாட்சிகளைத்தான் வியாபாரிகள் முதலில் துடைத்து எடுத்துவிடுகிறார்கள். ஓரத்தைச் சமமாக நறுக்கினால் ஓரத்தில் இருக்கிற ஏட்டெண் போய்விடும். புது மை தடவினால் பழைய எழுத்தும் பின்னால் எவரோ கீறியதும் ஒரே கறுப்பாகிவிடும். நூலகங்களில் எழுத்து தெரிவதற்காக மை பூசுவார்கள், ஓலை வளைந்துகொடுப்பதற்காக எலுமிச்சம்புல் தைலம் தடவுவார்கள். அது விஷயம் தெரிந்தவர்கள் செய்கிற வைத்தியம். கையில் கிடைத்த சமையல் எண்ணெயைப் பூசி மினுக்குவது தூசிக்கும் பூச்சிக்கும் விருந்து வைக்கிற வேலை.

பூச்சி ஓட்டை என்றால் எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதுதான் நம்பகமான சாட்சி! பூச்சி ஒரு ஏட்டோடு நிற்காது. கட்டை ஊடுருவித் துளைத்துக்கொண்டே போகும். அடுத்தடுத்த ஏடுகளில் ஓட்டைகள் ஒன்றுக்கு நேர் ஒன்றாக இருந்தால் அந்த ஏடுகள் நெடுங்காலம் ஒரே கட்டில் இருந்தவை. நடுவில் நான்கு ஏட்டில் மட்டும் ஓட்டை இடம் மாறியிருந்தால், வேறெங்கிருந்தோ கொண்டுவந்து சொருகியிருக்கலாம். ஓட்டை எழுத்தைத் தின்றிருந்தால் எழுத்து முந்தியது. எழுத்து ஓட்டையைச் சுற்றி விலகிப் போயிருந்தால்... ஓலை பழசு, எழுத்து புதுசு. சுத்த மோசடி!

'நிலைமை சரியில்லை' என்ற ஒரு தீர்ப்பு என்னவெல்லாம் செய்திருக்கிறது தெரியுமா? கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடு தேடிப் போன உ.வே.சாமிநாதையருக்குக் கிடைத்த பதில் அவரைக் கலங்க வைத்தது. சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தீயில் இட்டுவிட்டார்களாம். சாஸ்திரம் அப்படிச் சொல்கிறதாம்! அந்தக் கட்டுகளில் என்னென்ன நூல்கள் போயினவோ... அதே காலத்தில், தொட்டால் நொறுங்குகிற ஏடுகளை வைத்துக்கொண்டு போராடி, சி.வை.தாமோதரம் பிள்ளை 1887ல் கலித்தொகையை அச்சில் கொண்டுவந்தார். ஏடு நொறுங்குகிறதே என்று அவரும் ஒதுக்கியிருந்தால்?

வீரமாமுனிவர் எழுதியவற்றுக்கும் இப்படி ஓர் ஆபத்து இருந்தது. அவர் 1747ல் காலமானார். அடுத்த எழுபது வருஷத்தில் அவர் நூல்கள் ஆளுக்கொரு மூலையில் கிடந்தன. சென்னைக் கோட்டைக் கல்லூரியை உருவாக்கிய எல்லிஸ் துரை, கல்லூரியைச் சேர்ந்த முத்துசாமிப் பிள்ளையை 1816ல் தெற்கே அனுப்பி அவற்றைத் தேட வைத்தார். பிள்ளை நூல்களைத் தேடியதோடு முனிவரின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதி வைத்தார்.

அடுத்தவர் ஏட்டைக் காப்பாற்றிய எல்லிஸின் கதி என்ன? 1819ல் ராமநாதபுரத்தில் தவறுதலாக விஷத்தை விழுங்கி இறந்துபோனார். அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த குறிப்புக் காகிதங்கள் மதுரைக் கலெக்டர் வீட்டில் கிடந்தன. சமையற்காரர் அவற்றை மாதக்கணக்கில் அடுப்புப் பற்றவைக்கவும், கோழியின் முடி பொசுக்கவும் பயன்படுத்தித் தீர்த்துவிட்டதாகப் பின்னாளில் வால்டர் எலியட் எழுதினார். அந்தச் சமையற்காரர் கண்ணுக்கு அது வெறும் பழைய காகிதம். வேறென்ன?

நண்பரின் கொசுறுக் கட்டுக்கு வருகிறேன். மெதுவாக அவிழ்த்து வரிசைப்படி அடுக்கினோம். அது ஒரு வைத்தியச் சுவடி. இரட்டைக் கொம்பு எங்கும் இல்லை. பூச்சி ஓட்டைகள் முதல் ஏட்டிலிருந்து கடைசி வரை நேர்கோட்டில் இறங்கின. கயிறு கோக்கும் துளை தேய்ந்து அகன்றிருந்தது. யாரோ இதை அடிக்கடி அவிழ்த்துப் படித்திருக்கிறார்கள், வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். கடைசி ஏட்டில் எழுதி முடித்த வருஷம் 'பிரபவ' என்று இருந்தது.

"அப்ப எந்த வருஷம்ணே?" நண்பருக்கு மறுபடியும் முகத்தில் வெளிச்சம்.

அறுபது வருஷத்துக்கு ஒரு முறை பிரபவ வரும். 1747, 1807, 1867... மூன்றும் பிரபவதான். கொல்லம் ஆண்டோ சக ஆண்டோ கூடவே எழுதியிருந்தால் பிழைத்தோம். இதில் இல்லை. "வருஷத்தை உறுதியாச் சொல்லணும்னா ஏடு படிக்கத் தெரிஞ்சவங்ககிட்டத்தான் காட்டணும். அதுவரைக்கும் எண்ணெய், துணி, பிரஷ் எதுவும் கிட்ட வரக் கூடாது" என்றேன். இன்னொன்றும் சொல்லி வைத்தேன். 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று மதிப்போ இலக்கிய மதிப்போ உள்ள கையெழுத்துச் சுவடி 75 வருஷம் தாண்டிவிட்டால் தொல்பொருள். லைசென்ஸ் இல்லாமல் அந்த வியாபாரம் செய்யக் கூடாது. தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. நண்பர் வாங்கிய இடத்தில் ரசீது கூடத் தரவில்லையாம்.

பளபளா கட்டுக்குக் கொடுத்த பணத்தை நினைத்து அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அதைத் தள்ளி வைத்துவிட்டு, கொசுறுக் கட்டின் ஏட்டெண்களை எண்ண ஆரம்பித்தார். தமிழ் எண்கள் அவருக்குப் பழைய காசு பார்த்துப் பார்த்து அத்துப்படி. பதினேழு வரை வந்தது. அடுத்தது இருபத்து மூன்று. அந்தச் சிவப்புத் துணியைத் தூக்கி உதறி, மேஜைக்கு அடியில் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார், நடுவில் காணாமல் போன ஐந்து ஏட்டையும்.