ஜமாஅத் தொழுகை

ஜமாஅத் தொழுகை என்பது இஸ்லாமியர் தொழுகையை நடத்தும் ஓர் இமாமின் பின்னால் அணிவகுத்து ஒன்றாகத் தொழுவது. கூட்டுத் தொழுகை என்றும் கூறுவர். சுபுஹு, லுஹர், அஸர், மக்ரிப், இஷா ஆகிய ஐவேளைக் கடமைத் தொழுகைகளையும் இவ்வாறு தொழலாம். இமாமுடன் ஒருவர் இருந்தாலே ஜமாஅத் ஆகிவிடும். அவர் இமாமின் வலப்பக்கம் நிற்பார். தனியே தொழுவதைவிட இது 27 மடங்கு சிறந்தது என்று ஸஹீஹுல் புகாரி நபிமொழித் தொகுப்பு கூறுகிறது.

முறை: பாங்கு என்னும் அழைப்பு தொழுகை நேரத்தை அறிவிக்கும். ஒளு (தொழுகைக்கு முந்தைய உடல் தூய்மை) செய்தவர்கள், இகாமத் (தொழுகை தொடங்குவதற்கான அழைப்பு) சொல்லப்பட்டதும் கிப்லாவை (கஅபாவின் திசையை) நோக்கி, தோளோடு தோள் சேர வரிசையில் நிற்பர். முதலில் வந்தவருக்கே முன்வரிசை. செல்வம், பதவி, குலம் எதுவும் இடம் பிடித்துத் தராது. குனிவதிலும் சிரம் பணிவதிலும் இமாமை முந்தக் கூடாது. தாமதமாக வந்தவர், இமாம் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பின் எழுந்து, விடுபட்ட ரக்அத்துகளை (தொழுகையின் சுற்றுகளை) நிறைவு செய்வார்.

சட்டநிலை: ஆண்களைப் பொறுத்தவரை, ஹன்பலி மத்ஹபில் (சட்டப் பள்ளியில்) இது ஒவ்வொருவர் மீதும் கடமை. ஹனஃபி மத்ஹபில் வலியுறுத்தப்பட்ட சுன்னத் (நபிவழி) என்பது பரவலான கருத்து. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி சமூகக் கடமை; ஊரில் போதிய பேர் நிறைவேற்றினால் மற்றவர்களின் பொறுப்பு நீங்கும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையை மட்டும் தனியாகத் தொழ இயலாது. ஜமாஅத் தவறியவர் நான்கு ரக்அத் லுஹர் தொழ வேண்டும்.