பெயர் பெற்ற கல்லும் பெயரற்ற மண்ணும்

மெர்கோங் வாசிகளுக்கு அலோர் ஸ்டார் புகைவண்டி நிலையம் புதிதன்று. அதனூடே வடக்கு நோக்கிச் செல்லும் இருப்புப் பாதைதான் 1943ஆம் ஆண்டில் நம் தோட்டத்து மக்களைச் சயாமுக்குக் கொண்டு சென்றது. அவர்கள் போய்ச் சேர்ந்த இடத்தைக் காண விரும்புவோர் காஞ்சனபுரிக்குச் செல்லல் வேண்டும்.

அங்கே யுத்த மயானம் ஒன்று உண்டு. பசும்புல் தரையில், நேர் வரிசைகளில், பிரிட்டிஷாரும் ஆஸ்திரேலியரும் டச்சுக்காரருமாக ஏறத்தாழ 7,000 யுத்தக் கைதிகள் துயில்கின்றனர். வேறிடங்களிலுள்ள முஸ்லிம் மயானங்களில் அடக்கமாகி, கல்லறை பேண முடியாமற்போன இந்தியப் படையினர் 11 பேரின் பெயர்களும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. கல்லறை நிலைக்காவிடினும் பெயர் நிலைத்தது!

ஆனால், 415 கிலோமீட்டர் நீளமுள்ள அம்மரணப் பாதையை இட்டோர் கைதிகள் மட்டுமல்லர். கைதிகள் 60,000க்கு மேற்பட்டோர். ஆசியத் தொழிலாளரோ அவர்களைப்போல் ஏறக்குறைய மும்மடங்கினர். கைதிகளில் மாண்டோர் 12,000க்கு மேல். தொழிலாளரில் மாண்டோர் 90,000 வரை இருக்கலாம் என்பர். மலாயாவிலிருந்து சென்றவர்களுள் பெரும்பாலார் தமிழர். மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி என்று ஆசை காட்டப்பட்டோர் பலர்; இலவசப் படக்காட்சி என்றழைத்துப் பிடிக்கப்பட்டோரும் உண்டு. வாந்திபேதி அவர்களைக் குடிசை குடிசையாக வாரிக்கொண்டது. அவர்தம் கற்கள் எங்கே?

இவ்வேற்றுமைக்குக் காரணம் இரண்டு. போரில் இறந்த ஒவ்வொருவர் பெயரும், பதவி, இனம், மதம் பாராது நிலைபெற வேண்டுமென்பது 1917இல் தோன்றிய யுத்தக் கல்லறை ஆணையத்தின் கொள்கை. நல்ல கொள்கையே! ஆயின் அது படையில் பதிவானவர்க்கே உரியது. கூலியாள் எந்தப் படையையும் சேர்ந்தவனல்லன். மற்றொன்று, கைதிகளிடையே அதிகாரிகளும் வைத்தியர்களும் இருந்தனர். இறந்தார் பெயரை மறைவாகவேனும் எழுதி வைத்தனர். 1945இல் கல்லறை தேடிச் சென்ற குழுவுக்கு அக்குறிப்புகள் துணையாயின. நம்மவரிடையே எழுதுவாரில்லை. எழுத்தறியா மக்கள் எழுத்தின்றியே மறைந்தனர்.

சகோதரர்களே! கல் நாட்டுதல் அரசாங்கங்களின் கடமை. அதனைக் கேட்பது நம் உரிமை. பெயரைக் காப்பதோ நம் கையிலேயே உள்ளது. உங்கள் வீட்டுப் பெரியோரைக் கேளுங்கள்: சயாமுக்குப் போனவர் யார், எந்தத் தோட்டம், எந்த லயம், திரும்பினவர் யார்? இன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். எழுதாத பெயருக்கு எக்கல்லிலும் இடமில்லை.