மெயினை அணைத்த பிறகும்

1976-ல் கோவையில் ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன் பிரிவில் சேர்ந்தேன். முதல் நாள் வாத்தியார் கரும்பலகையில் எழுதியது ஒரே வரி: மெயினை அணைக்காமல் கை வைக்காதே. நாற்பது வருஷம் எனக்குச் சோறு போட்டதும் உயிரைக் காத்ததும் அந்த வரிதான். சோலார் வந்த பிறகுதான் அது மட்டும் போதாது என்று ஆனது.

எங்கள் பக்கத்தில் இந்தத் தொழில் தழைத்தது பைக்காரா தண்ணீரால். 1930-களில் நீலகிரியிலிருந்து மின்சாரம் இறங்க, கோவையில் பஞ்சாலைகள் பெருகின. பிறகு கிணற்றுக்குக் கிணறு மோட்டார். வயரிங் தெரிந்தவர், காயில் கட்டத் தெரிந்தவர் என்று ஊருக்கு ஒருவர் உருவானார். பெரும்பாலும் யாருக்காவது கையாளாகப் போய்க் கற்றவர்கள்தான். நான் கற்றது தேக்குச் சட்டத்தின் மேல் கிளிப் அடித்து வயர் ஓட்டுவதும், எர்த் குழியில் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போடுவதும்.

2008-க்குப் பிந்தைய மின்வெட்டுக் காலம் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டரைக் கொண்டுவந்தது. பேட்டரியும் அதன் டி.சி. மின்சாரமும் எங்கள் கைக்குப் பழகியது அப்போதுதான். 2011-ல் தமிழக அரசு பசுமை வீடுகள் திட்டத்தை அறிவித்தது. வீட்டுக்கு ஐந்து சோலார் விளக்கு. 2015-ல் மத்திய அரசின் சூர்யமித்ரா பயிற்சி வந்தது. 600 மணி நேரம். ஓய்வு பெற்றபின் நானும் சோலார் வகுப்பு எடுக்கப் போனேன்.

ஒரு நாள் மாடியில் பத்துப் பேனலை வரிசையாக இணைத்திருந்தோம். இருபது வருஷ அனுபவமுள்ள ஒரு வயர்மேன், "மெயினை ஆஃப் பண்ணிட்டேன் சார்" என்று சொல்லிக்கொண்டே வயர் முனைக்குக் கையைக் கொண்டுபோனார். தடுத்து மீட்டரை வைத்துக் காட்டினேன். நானூறு வோல்ட்டுக்கு மேல். அவர் முகம் வெளுத்துவிட்டது. கீழே எந்த சுவிட்சை அணைத்தாலும், வெயில் இருக்கும்வரை பேனல் உயிரோடுதான் இருக்கும்.

இன்னொன்றும் சொன்னேன். நம் வீட்டு ஏ.சி. மின்சாரம் ஒரு நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுகிறது. அதனால் தீப்பொறி எழுந்தாலும் அணைய வழி உண்டு. டி.சி.க்கு அந்தப் பூஜ்யம் கிடையாது. கரன்ட் ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கினால் தீ நாக்கு நீண்டுகொண்டே வரும். வயரைச் சரியாக அழுத்திப் பிணைக்காத, அதாவது கிரிம்ப் செய்யாத, ஒரு கனெக்டர் சூடாகிக் கூரையையே எரித்துவிடும்.

அந்த வயர்மேனைப் போன்றவர்களிடம் ஐ.டி.ஐ. சான்றிதழ் இருப்பதில்லை. சூர்யமித்ராவோ ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தவர்களுக்கென்று வந்தது. ஆனால் கிராமத்தில் கரன்ட் போனால் முதலில் கூப்பிடுவது இவரைத்தான். 2024-ல் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் ஒரு கோடி வீட்டுக் கூரைகளுக்கு சோலார் என்கிறார்கள். அந்தப் பேனல்கள் இருபத்தைந்து வருஷம் நிற்க வேண்டியவை. பழுது பார்க்க ஏறப்போவதும் இவர்தான். கையால் தொழில் கற்றவரை விட்டுவிட்டுச் செய்யும் பயிற்சி அரைப் பயிற்சி என்றே நான் நினைக்கிறேன்.

உங்கள் மாடிக்குப் பேனல் மாட்ட வருபவரிடம் ஒன்று கேளுங்கள்: "டி.சி. பக்கம் அணைக்க ஐசொலேட்டர் எங்கே வைக்கிறீர்கள்?" இடத்தைக் கைகாட்டிச் சொன்னால் ஏணியைக் கொடுங்கள்.