பிள்ளைக் காம்பராவும் முதல் மொழியும்: நோர்வூட் தோட்டச் சிறாரின் வாசிப்பு ஊடகங்கள் குறித்து

இலங்கை மலையகத்தில் நோர்வூட்டைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கப் போகும் தாய் தன் குழந்தையை விட்டுச் செல்வது பிள்ளைக் காம்பராவில். பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் ஏடுகளில் அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். கைக்குழந்தை முதல் ஐந்து வயதை நெருங்கும் பிள்ளை வரை பகலின் பெரும்பகுதியைக் கழிப்பது அங்கேதான். இலங்கையின் கட்டாயக் கல்வி விதிகளோ ஐந்து வயதிலிருந்துதான் பிள்ளையைக் கணக்கில் எடுக்கின்றன. 2016இல் அவற்றின் மேல் எல்லை பதினான்கிலிருந்து பதினாறாக உயர்ந்தது. கீழ் எல்லை இருந்த இடத்திலேயே இருக்கிறது. வாசிப்புக்கான மொழித் தளம் உருவாவது அந்த எல்லைக்குக் கீழே உள்ள ஆண்டுகளில். ஆகவே காது கேளாத பிள்ளைக்கும் கேட்கும் பிள்ளைக்கும் பொதுவாக, சைகையும் அச்சும் பேச்சும் ஒருங்கே அமைந்த கதைகள் பிள்ளைக் காம்பராவுக்கே வர வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

காது கேளாத பிள்ளையிடமிருந்து தொடங்குவோம். அமெரிக்க ஆய்வுகளின்படி இத்தகைய பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்திலும் நிலைமை வேறாக இருக்கக் காரணமில்லை. அந்த வீட்டில் அன்பு இருக்கும், கைகாட்டிப் புரிந்துகொள்ளும் சில குறிப்புகளும் இருக்கும். முழுமையான மொழி ஒன்று இராது. இதன் விளைவை ரேச்சல் மேபெரியும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் ‘நேச்சர்’ இதழில் தெளிவாகக் காட்டினர். சிறுவயதில் ஏதேனும் ஒரு மொழியை, அது சைகையாயினும் பேச்சாயினும், பெற்றவர்கள் பின்னாளில் இன்னொரு மொழியை நன்கு கற்றனர். எந்த மொழியும் இன்றி வளர்ந்தவர்கள் பின்தங்கினர். நமக்கு இதில் கூர்மையான செய்தி இருக்கிறது. ஐந்து வயது வரை மொழியின்றி இருந்த பிள்ளைக்கு முதலாம் வகுப்பில் அ, ஆ எழுதிக் காட்டுவது கற்பித்தலாகாது. அந்த எழுத்து சுட்டுவதற்கு அவனுள் சொல் எதுவும் இல்லை. மறுபுறம், 1970களின் இறுதியில் நிகரகுவாவின் மனாகுவா நகரில் காது கேளாத சிறார் ஒரு பாடசாலையில் ஒன்றுகூடியபோது தமக்குள்ளேயே ஒரு சைகை மொழியை உருவாக்கினர். அதைச் செழுமையாகக் கையாண்டவர்கள் பின்னர் இளம்வயதில் வந்து சேர்ந்தவர்களே. வயதும் கூட்டுறவும் சேர்ந்தால் மொழி பிறக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

நம் நாட்டு வரலாறு இளம்வயதையும் கூட்டுறவையும் பிரித்தே வைத்தது. காது கேளாத பிள்ளைகளுக்காக மேரி சாப்மன் 1912இல் தொடங்கிய பாடசாலை இரத்மலானையில் நிலைகொண்டது. தமிழ்ப் பிள்ளைகளுக்கென யாழ்ப்பாணத்துக் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை 1956இல் எழுந்தது. இவற்றின் தொண்டு பெரிது. அதைக் குறைத்துச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் இவை பாடசாலை வயதில் தொடங்கும் விடுதிக் கல்வியின் அமைப்புகள். நோர்வூட்டிலிருந்து கைதடிக்கு அனுப்பப்படும் பிள்ளை மொழியைப் பெறும்போது குடும்பத்தை இழக்கிறது. அனுப்பப்படாத பிள்ளை குடும்பத்தோடு இருந்து மொழியை இழக்கிறது. எந்தத் தாயையும் இப்படி ஒரு தெரிவின் முன் நிறுத்தலாகாது.

சைகையோடு கூடிய கதைகளால் கேட்கும் பிள்ளைக்கு என்ன பயன் என்ற கேள்வி எழும். லயத்தில் வளரும் பிள்ளை பேசும் தமிழும் பாடநூல் தமிழும் ஒன்றல்ல. ‘வந்துச்சு’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளை ‘வந்தது’ என்பதை முதன்முதலில் சந்திப்பது பெரும்பாலும் புத்தகத்தில்தான். இரட்டை வழக்கு கொண்ட இன்னொரு மொழியான அரபியில் ஃபைடெல்சன் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்வு இங்கே வழிகாட்டுகிறது: முன்பள்ளிச் சிறாருக்கு ஐந்து மாதம் இலக்கிய அரபியில் கதை வாசித்துக் காட்டியபோது அவர்களுடைய புரிதலும் கதை சொல்லும் திறனும் உயர்ந்தன. எழுத்து மொழி கேட்கும் பிள்ளைக்கும் ஓரளவு புதிய மொழியே. இரு பிள்ளைகளும் ஒரே ஏற்றத்தில் நிற்கிறார்கள்; ஒருவர் அடிவாரத்தில், மற்றவர் சில படிகள் மேலே. தவிர, ‘கேட்கும் பிள்ளைகள்’ என்ற பட்டியலே அவ்வளவு உறுதியானதன்று. நடுக்காதில் அடிக்கடி தொற்று வரும் பிள்ளைக்குக் கேட்கும் திறன் சில வாரங்கள் மங்கும், பின் தெளியும், மறுபடி மங்கும். சிறுவயதுக் கேள்விக் குறைபாட்டில் ஏறத்தாழ 60 வீதம் தடுக்கக்கூடியது என உலக சுகாதார நிறுவனம் கூறுவதில் இத்தொற்றுகளுக்கும் பங்குண்டு. இப்பிள்ளைகளைக் கவனக்குறைவானவர்கள் என்று வகுப்பறை முத்திரை குத்திவிடுகிறது.

தமிழின் அமைப்பே காட்சி வழி வாசிப்பை வேண்டுகிறது என்றும் சொல்வேன். உதட்டை மட்டும் பார்ப்பவருக்குப் ‘படம்’, ‘மடம்’ இரண்டும் ஒன்றே. ல, ள, ழ வேறுபாடு நாவின் செயல். உதடு அதைக் காட்டாது. ‘வீட்டுக்கு’, ‘வீட்டில்’, ‘வீட்டிலிருந்து’ என வாக்கியத்தின் பொருளைத் தாங்கும் உருபுகள் பேச்சின் ஓட்டத்தில் தேய்கின்றன. அச்சில் அவை அசையாமல் நிற்கின்றன. காது கேளாத பிள்ளைக்கு இலக்கணம் முழுமையாகத் தென்படும் இடம் அச்சிட்ட பக்கமே. ஆயினும் பக்கம் தானாகப் பேசாது. சைகையே அதற்குப் பொருள் தர வேண்டும்.

இதற்கான ஊடக மாதிரிகள் ஏற்கெனவே உண்டு. கலாடெட் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் 2013இல் வெளியிட்ட ‘பாவோபாப்’ கதைச் செயலியில் கதைசொல்லி சைகையில் கதை சொல்வார். அச்சிலுள்ள சொல்லைத் தொட்டால் அதன் சைகையும் விரலெழுத்தும் தோன்றும். இந்தியாவில் பிரிஜ் கோத்தாரி 1996 முதல் முன்னெடுத்த ஒரே மொழி வசன வரிகள், 1999இல் அகமதாபாத் தூர்தர்ஷனின் குஜராத்தித் திரைப்பாடல்களில் பரீட்சிக்கப்பட்டன. பாடப்படும் சொல் திரையில் நிறம் மாறும். தமிழ்த் திரைப்பாடல் ஒலிக்காத லயம் அரிது என்பதால் இம்முறை மலையகத்திற்கு இயல்பாகப் பொருந்தும். என்றாலும் இதன் வரம்பை மறைக்கலாகாது: வரிகள் உதவுவது அம்மொழியை அறிந்தவருக்கே, காது கேளாத சிறு பிள்ளைக்கு அவை தனியே போதா. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் எவரும் தழுவி எடுக்கக்கூடிய தமிழ்க் கதைகள் கிடைக்கின்றன. கொழுந்துக்கூடை, மூடுபனி, அட்டை, பெரட்டு எனும் காலை ஆள்கணக்கெடுப்பு என இப்பிள்ளைகள் அன்றாடம் காணும் உலகத்தைக் கதையாக்கி, சைகை அறிந்த காது கேளாத பெரியவர் ஒருவரைக் கதைசொல்லியாக்குவது இனிச் செய்ய வேண்டிய பணி.

வலுவான மறுப்பு பேச்சைப் பற்றியது. சென்னையில் 1969இல் தொடங்கிய பாலவித்யாலயா, கேட்கும் கருவியும் இடைவிடாத பயிற்சியும் கொண்டு சிறு குழந்தைகளைப் பேச வைத்து வருகிறது; அதன் சாதனை உண்மையானது. கீயர்ஸ் குழுவினரும் 2017இல், உள்செவி உள்வைப்புப் பெற்ற பிள்ளைகளில் சைகையோடு பழகாதவர்களே பேச்சிலும் வாசிப்பிலும் முன்னின்றனர் என்றனர். ஆனால் அங்கே சைகை காட்டியவர்கள் அதை அப்போதுதான் கற்கத் தொடங்கிய பெற்றோர். காது கேளாத பெற்றோரிடம் பிறந்தது முதலே சைகை கற்று, பின் உள்வைப்பும் பெற்ற பிள்ளைகளின் பேச்சாங்கிலம், அத்தகைய பெற்றோரின் கேட்கும் பிள்ளைகளுடைய ஆங்கிலத்துக்கு ஈடாக வளர்ந்ததை டேவிட்சன், லில்லோ மார்ட்டின், சென் பிக்லர் ஆகியோர் 2014இல் காட்டினர். இன்னொன்று, உள்வைப்பும் அதற்குப் பிந்திய நீண்ட பயிற்சியும் எட்டும் தூரத்தில் உள்ள குடும்பத்தையும் கொழுந்தின் நிறையைக் கொண்டு நாட்கூலி பெறும் குடும்பத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. பேச்சுப் பயிற்சி கிடைக்குமாயின் கிடைக்கட்டும். அது கிடைக்கும் வரை பிள்ளையை மொழியின்றிக் காத்திருக்க வைப்பதையே நான் எதிர்க்கிறேன்.

எந்தச் சைகை என்ற கேள்வியும் நியாயமானது. இலங்கையில் சைகைகள் பாடசாலைதோறும் வேறுபட்டு வளர்ந்தவை. ஆயினும் யாழ்ப்பாணத்துப் பேச்சும் மட்டக்களப்புப் பேச்சும் மலையகப் பேச்சும் வேறுபட்டிருந்தும் மூன்று பகுதிப் பிள்ளைகளும் ஒரே பாடநூலை வாசிக்கிறார்கள். வேறுபாடு தீரட்டும் என்று அந்தப் பாடநூல் காத்திருக்கவில்லை. எண்ணிக்கை குறைவு என்போருக்கு விடை எளிது: ஒரு தோட்டத்தில் ஓரிரு பிள்ளைகளே இருப்பர் என்பதால்தான் தனி ஏற்பாடு இயலாமற் போகிறது, பொது ஏற்பாடு அவசியமாகிறது. கேட்கும் தோழர்களும் சைகை கற்றால் அந்த ஒரு பிள்ளைக்குப் பேச ஆள் இருக்கும். திரை குறித்த அச்சத்தை ஏற்கிறேன். இரண்டு வயதுக்கு முன் திரை வேண்டாம், நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டல். காணொளி முதன்மையாகப் பராமரிப்பாளர் பார்த்துக் கற்பதற்கு. பிள்ளையின் முன் இருக்க வேண்டியவை படப்புத்தகமும் பராமரிப்பாளரின் கைகளுமே.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சாசனத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்றது. அதன் 24ஆம் உறுப்புரை சைகை மொழி கற்றலுக்கு வழிசெய்யுமாறு அரசைக் கடமைப்படுத்துகிறது. பத்தனையிலுள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி மலையகத்துக்கு ஆசிரியர்களைத் தரும் நிறுவனம். சைகையோடு கதை சொல்லும் பயிற்சியை அங்கே தொடங்க முடியும். மஹரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகமும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் கைதடியில் கற்று வெளிவந்த பெரியவர்களை அழைத்து, முதற்கட்டமாகப் பத்துக் கதைகளை உருவாக்கி நோர்வூட் பகுதிப் பிள்ளைக் காம்பராக்களில் பரீட்சித்துப் பார்க்க வேண்டும்.