பெயர் ஒன்று, கீரை இரண்டு

இலக்கியம் பேச வேண்டிய நேரத்தில் இவர் கீரையைப் பேசுகிறாரே என்று நேயர்கள் எண்ண வேண்டாம். ஒரு பெயர் கடல் கடந்து சென்று, தான் குறித்த பொருளை வழியிலே தொலைத்துவிட்டு, வேறொரு பொருளின்மேல் ஏறிக்கொண்ட வரலாறு இது. சொல்லையும் பொருளையும் கற்பிப்பதே தொழிலாகக் கொண்ட எனக்கு இது ஒரு நல்ல பாடமாகவே படுகிறது.

நாம் பொன்னாங்காணி என்றும் சிங்கள மக்கள் முக்குனுவென்ன என்றும் அழைக்கும் கீரையைத் தெஹிவளைச் சந்தையில் எந்நாளும் வாங்கலாம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அது தேங்காய்ப்பூச் சேர்த்த சுண்டலாகச் சோற்றோடு வந்து சேரும். உண்டவர் மேனி பொன்னாகும், ‘பொன் ஆம் காண் நீ’ என்பதே பெயராயிற்று என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். சொல்லாராய்ச்சி இதை ஒப்பினாலும் ஒப்பாவிட்டாலும், அந்தப் பெயரின்மீது நம்மவர் வைத்த நம்பிக்கை அதில் தெரிகிறது.

அந்த நம்பிக்கை அவுஸ்திரேலியாவில் சோதனைக்கு உள்ளானது. அங்கு குடியேறிய இலங்கையர் பலர் வீட்டுக் கொல்லையில் ஆசையோடு வளர்த்து உண்டுவந்த முக்குனுவென்ன, உண்மையில் முக்குனுவென்னவே அன்று என்பது 1990களின் நடுப்பகுதியில் தெரியவந்தது. அது தென்னமெரிக்காவிலிருந்து வந்த வேறொரு செடி. முதலைக்களை என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் அதற்கு உண்டு. அந்நாட்டில் அது முதலில் அறியப்பட்டது 1946 இல், நியூகாசில் துறைமுகப் பகுதியில். நீர்நிலைகளைப் பாயாக மூடி வாய்க்கால்களை அடைத்துவிடுவதால் அதை வளர்ப்பதே அங்கு தடைசெய்யப்பட்டிருந்தது. ஆனால் நம் நாட்டவர்க்கு அது ஊரின் நினைவு. ஒரு வீட்டார் தண்டை ஒடித்து மறு வீட்டாருக்குக் கொடுத்தார்கள். ஒரு கணு மண்ணில் பட்டாற் போதும், வேர் விட்டுவிடும். இவ்வாறு அன்பே அந்தக் களையைப் பரப்பியது! பின்னர் விக்ரோறியா மாநிலத்தில், பொன்னாங்காணிக்கு உறவான அந்நாட்டுச் செடி ஒன்றை மாற்றுக் கீரையாக அம்மக்களுக்கு அறிமுகம் செய்தார்கள்.

ஏமாந்தவர்களைக் குறை சொல்லல் தகாது. இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். இலைகள் இரண்டிலும் எதிரெதிராகவே அமையும். வேற்றுமை பூவிலே இருக்கிறது. பொன்னாங்காணியின் சிறு வெண்பூக்கள் காம்பின்றி இலைக்கக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். முதலைக்களையின் பூவோ, சில சென்ரிமீற்றர் நீளமான காம்பின் நுனியில் வெள்ளை உருண்டையாக நிற்கும். தண்டும் உள்ளே பொள்ளலாக இருக்கும். தாவரவியலார் பொன்னாங்காணிக்கு இட்ட இலத்தீன் பெயரின் பின்பாதி ‘செசிலிஸ்’. காம்பில்லாமல் அமர்ந்திருப்பது என்பது அதன் பொருள். அடையாளத்தைப் பெயரிலேயே வைத்துத் தந்திருக்கிறார்கள்.

1990களின் இறுதியில் இலங்கையிலும் முதலைக்களை இனங்காணப்பட்டது. இங்கும் சில இடங்களில் அது கீரையென்றே நடப்பட்டு வந்தது. அதனை நஞ்சு என்று சொல்வது மிகையாகும். ஆயினும் அழுக்கு நீரில் வளரும்போது ஈயம், கட்மியம் போன்ற உலோகங்களை அது தன்னுள் ஈர்த்துக்கொள்ளும். இந்தக் குறை உண்மைக் கீரைகளுக்கும் உண்டு. நமக்கு அருகே, 1990 இல் சரணாலயமாக்கப்பட்ட பெல்லன்வில – அத்திடிய சதுப்புநிலம் 372 ஹெக்டயர் பரப்புடையது. அதனைச் சூழ்ந்து வீடுகளும் தொழிற்சாலைகளும் பெருகிவிட்டன. கழிவுநீர் கலக்கும் கால்வாய் ஓரத்தில் தழைத்திருக்கும் கீரை எதுவாயினும் அதைப் பறிக்காதிருப்பதே நலம்.

உண்மையாகவே நஞ்சுடைய போலியும் உண்டு. கங்குங் என்று நாம் வாங்கும் வள்ளைக்கீரையைச் சங்கப் புலவர்கள் மருதநிலத்துப் பொய்கையிலே கண்டார்கள். அது நீரில் மிதந்தும் சேற்றில் படர்ந்தும் செல்லும் கொடி. அதன் பூவைப்போலவே புனல் வடிவில், ஆனால் பெரிதாக, இளஞ்சிவப்புப் பூப் பூப்பது நெய்வேலிக் காட்டாமணக்கு. இதுவும் நீரோரத்தில்தான் வளரும். ஆனால் புதராக நிமிர்ந்து நிற்கும், அடித்தண்டு மரமாக முற்றும். இதைத் தொடர்ந்து மேய்ந்த ஆடுகள் நரம்பு தளர்ந்து தள்ளாடி மடிகின்றன. படர்வதா, நிமிர்வதா என்று பார்த்தாலே பாதி ஐயம் தீரும்.

இப்படிப் பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று. தொல்காப்பியர் மரபியலில், வெளியே வைரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும் உள்ளே வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் பிரித்தார். ஓலையும் மடலும் முன்னதற்கு, இலையும் தளிரும் பின்னதற்கு என உறுப்புக்கும் சொல் வகுத்தார். பொருளின் உடலைப் பார்த்த பிறகே அவர் பெயரிடுகிறார். நாமோ இன்று பெயரை மட்டும் மனனம் செய்துகொண்டு உடலைப் பார்க்க மறந்துவிட்டோம். கீரையின் பெயரை அறிந்த என் மாணவர்களுள், அதன் பூவைக் கண்டவர் மிகச் சிலரே.

சந்தைக் கட்டில் பெரும்பாலும் பூ இராது. ஆகவே ஐயம் எழுந்தால் ஒரு தண்டைச் சாடியில் நட்டு, பூக்கும்வரை பொறுத்திருங்கள். காம்பில்லாத பூவானால் கறிக்கு ஆகும். காம்போடு உருண்டை நின்றால் செடியை வேரோடு பிடுங்கி, நன்றாகக் காயவைத்து எரித்துவிடுங்கள். கால்வாயில் மட்டும் எறிந்துவிடாதீர்கள்.